சும்மா நிற்கும் செஷன்: போஸ்ட்கிரஸில் இணைப்புகளைக் கவனிப்பதும் கட்டுக்குள் வைப்பதும்

காலை 11 மணிக்கு ஒரு விற்பனைத் தளம் அப்படியே நின்றுபோகிறது. தரவுத்தள சர்வரில் சிபியு பயன்பாடு 5 சதவீதம்கூட இல்லை, டிஸ்கும் ஓய்வாகவே இருக்கிறது. ஆனால் ஆர்டர் பக்கம் யாருக்கும் திறப்பதில்லை. சில நிமிடங்களில் ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்ற பிழை செயலியின் பதிவேட்டில் வரிசையாக விழத் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் பலர் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். தளம் திரும்பவும் ஓடும். ஆனால் யார் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற தடயம் அதோடு அழிந்துபோகும், அடுத்த வாரம் அதே முடக்கம் மறுபடி வரும்.

இப்படித் திணறும்போது எல்லோரும் முதலில் தேடுவது கனமான க்வெரியை, அதாவது தரவுத்தளத்தை நெடுநேரம் வேலை வாங்கும் கட்டளையை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அதைவிட முன்னால் தேட வேண்டியது, டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நிற்கும் செஷனை. டிரான்சாக்‌ஷன் என்பது மொத்தமாக நிறைவேறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு. கனமான க்வெரி எப்படியும் ஒரு நேரத்தில் முடியும். சும்மா நிற்பது தானாக முடிவதில்லை. போஸ்ட்கிரஸின் இயல்புநிலை அமைப்பில் அதை நிறுத்தும் ஒரு கால வரம்புகூட இல்லை.

முதலில் செஷன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். போஸ்ட்கிரஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் சர்வரில் ஒரு தனிப் பிராசஸ் (இயங்கும் நிரல்) பிறக்கிறது; அந்த இணைப்பைத்தான் செஷன் என்கிறோம். இணைப்பு அறும்வரை அது உயிரோடிருக்கும். அதற்கென ஓர் எண் உண்டு, அதைத்தான் பிஐடி என்கிறோம். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 100. அதில் 3 இடங்கள் எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசருக்கென ஒதுக்கப்பட்டவை, ஆகவே சாதாரணப் பயனர்களுக்குக் கிடைப்பது 97. அந்த 3 இடங்கள் எதற்கு என்றால், எல்லாம் நிரம்பி வழியும் நேரத்தில் நிர்வாகி உள்ளே போய்ப் பார்ப்பதற்கு. செயலியையே சூப்பர்யூசர் கணக்கில் ஓடவிட்டால் அந்த மூன்றையும் செயலியே விழுங்கிவிடும். நிர்வாகி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். செயலிக்குத் தனி ரோல் (தரவுத்தளக் கணக்கு) வேண்டும் என்று சொல்வதற்குப் பாதுகாப்பைத் தாண்டிய காரணம் இது.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூ (டேபிளைப் போலவே படிக்கக்கூடிய பட்டியல்) இருக்கிறது. செஷனுக்கு ஒரு வரி. பிஐடி, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், எந்த ஐபி முகவரி, செயலி தன்னைப் பற்றிச் சொன்ன பெயர், என்ன க்வெரி எல்லாம் அதில் வரும். கூடவே நான்கு நேரங்கள் வரும்: இணைப்பு தொடங்கிய நேரம், டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், க்வெரி தொடங்கிய நேரம், நிலை கடைசியாக மாறிய நேரம். இந்த நான்கையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிலை என்ற பத்தியில் (நெடுவரிசையில்) முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு. ‘ஆக்டிவ்’ என்றால் க்வெரி ஓடுகிறது, அல்லது ஓடுவதற்காக எதற்கோ காத்திருக்கிறது. ‘ஐடில்’ என்றால் அடுத்த கட்டளை வரும்வரை ஓய்வு, இதில் பயமில்லை. ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்றால் தொடங்கச் சொல்லும் பிகின் சொல்லியாகிவிட்டது, உறுதிசெய்யும் கமிட்டோ கைவிடும் ரோல்பேக்கோ இன்னும் வரவில்லை, கிளையன்ட் மௌனமாக இருக்கிறது. அதே பெயரோடு ‘அபார்ட்டெட்’ சேர்ந்து வந்தால், டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு கட்டளை பிழையாகி, அதைச் செயலி கவனிக்காமல் விட்டிருக்கிறது. இந்தக் கடைசி நிலை அடிக்கடி தென்பட்டால் செயலியின் பிழை கையாளும் பகுதியில் ரோல்பேக் விட்டுப்போயிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த வியூவைப் படிக்கும்போது பலரும் சறுக்கும் இடங்கள் உண்டு. ஐடில் செஷனிலும் க்வெரி பத்தியில் ஏதோ ஒன்று எழுதியிருக்கும். அது அந்தச் செஷன் கடைசியாக ஓட்டி முடித்தது. இப்போது ஓடுவது என்று நினைத்து, ‘இந்த செலக்ட் இரண்டு மணி நேரமாக ஓடுகிறதே’ என்று பதறுவது அன்றாடம் நடக்கும் தவறு. ஆக்டிவ் செஷனுக்கு க்வெரி தொடங்கிய நேரத்தைப் பாருங்கள், ஐடில் செஷனுக்கு நிலை மாறிய நேரத்தை, டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்பதற்கு டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. இன்னொன்று: ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தபடியே இந்த வியூவைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதல் முறை எடுத்த படமே மறுபடியும் வரும். எதுவும் நகரவில்லை என்று தோன்றும், உண்மையில் எல்லாம் நகர்ந்திருக்கும். பிகின் போடாமல் கேளுங்கள்.

க்வெரி பத்தி இயல்பாக 1024 பைட்டோடு வெட்டப்படும். நீளமான க்வெரிகளை எழுதித் தள்ளும் கருவிகள் ஓடும் இடத்தில் எந்த வரிகள் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை வரும் முன்பே எழுத்து முடிந்துபோகும். தமிழ்ச் சொற்களை நேரடியாகக் க்வெரிக்குள் வைத்து அனுப்பும் செயலியில் இன்னும் சீக்கிரம் முடியும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கு 3 பைட். ‘கோ’ என்ற ஒரே எழுத்து க, ோ என இரண்டு புள்ளிகளாகி 6 பைட் எடுக்கும். டிராக்_ஆக்டிவிட்டி_க்வெரி_சைஸை 4096 அளவுக்கு ஏற்றிவைப்பது நல்லது. ஆனால் அதற்கு ரீஸ்டார்ட் வேண்டும், அதனால் பிரச்சினை வரும் முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை.

ஆக்டிவ் என்றவுடன் சிபியுவைத் தின்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து, செஷன் எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெயிட்_ஈவென்ட்_டைப், வெயிட்_ஈவென்ட் என்ற இரண்டு பத்திகள் சொல்கின்றன. ஆக்டிவாக இருந்து இவை காலியாக இருந்தால், காத்திருப்பு எதுவும் பதிவாகவில்லை. பெரும்பாலும் சிபியுவில் ஓடுகிறது என்று கொள்ளலாம். ‘ஐஓ’ என்றால் டிஸ்க். ‘லாக்’ என்றால் வேறொரு செஷன் பிடித்திருக்கும் பூட்டுக்காக நிற்கிறது. ‘கிளையன்ட்’ வகையில் ‘கிளையன்ட்ரீட்’ என்று வந்தால், பந்து சர்வரின் கையில் இல்லை, கிளையன்ட் பேச வேண்டும் என்று சர்வர் காத்திருக்கிறது. டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்கும் செஷன்களில் எப்போதும் காண்பது இதைத்தான்.

இப்போது அந்தக் காலை 11 மணிக்குத் திரும்புவோம். வியூவில் கிடைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். பிஐடி 4121: ஐடில் இன் டிரான்சாக்‌ஷன், டிரான்சாக்‌ஷன் தொடங்கியது 10:32-க்கு, கடைசிக் கட்டளை ஆர்டர்கள் டேபிளில் ஒரே ஒரு வரியை மாற்றிய அப்டேட். பிஐடி 4388: ஆக்டிவ், 10:58-லிருந்து ‘லாக்’ காத்திருப்பு, கட்டளை அதே டேபிளில் புதிய பத்தி சேர்க்கும் ஆல்டர் டேபிள். அதன் கீழே 4390, 4391 என்று தொண்ணூற்றுச் சொச்சம் செஷன்கள்; எல்லாமே ஆக்டிவ், எல்லாமே ‘லாக்’, எல்லாமே சாதாரண செலக்ட்.

ஒருவர் கருவியில் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தானாகக் கமிட் செய்வதை) அணைத்துவிட்டு ஒரு வரியைத் திருத்தி, கமிட் செய்யாமல் எழுந்து போயிருக்கிறார். அந்த அப்டேட், டேபிளின் மேல் இலேசான ஒரு பூட்டை வைத்திருக்கிறது. அதனால் மற்றவர் படிப்பதற்கும் வேறு வரிகளை எழுதுவதற்கும் தடையில்லை, அதனால்தான் 26 நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. ஆல்டர் டேபிளுக்கோ ‘அக்சஸ் எக்ஸ்குளூசிவ்’ என்ற, யாரோடும் ஒத்துப்போகாத பூட்டு வேண்டும். அது 4121-க்குப் பின்னால் வரிசையில் நின்றது. போஸ்ட்கிரஸ் பூட்டுகளை வரிசைப்படியே தரும். பின்னால் வந்த செலக்ட்டுக்கும் 4121-க்கும் எந்தப் பகையும் இல்லை, ஆனாலும் முன்னால் நிற்கும் ஆல்டரோடு ஒத்துப்போகாததால் அதன் பின்னால் நிற்க வேண்டியதாகிறது. பத்தி சேர்ப்பது மில்லிசெகண்டில் முடியக்கூடிய வேலை. அதற்கான பூட்டைக் கேட்டுக் காத்திருந்ததுதான் கடையை மூடியது.

யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதைக் கண்ணால் தேட வேண்டாம். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு பிஐடியைக் கொடுத்தால், அதைத் தடுப்பவர்களின் பட்டியலைத் தரும். வரிசையில் முன்னால் நிற்பதால் மட்டும் தடுப்பவரும் அதில் அடங்குவார். 4390-ஐக் கேட்டால் 4388 வரும். 4388-ஐக் கேட்டால் 4121 வரும். 4121-ஐக் கேட்டால் பட்டியல் காலி. பிறரைத் தடுத்துக்கொண்டு தான் யாராலும் தடுக்கப்படாமல் இருப்பதே சங்கிலியின் தலை. பட்டியலில் 0 என்ற எண் வந்தால் குழம்ப வேண்டாம்: அது இரண்டு கட்டக் கமிட்டில் பாதியில் விடப்பட்ட ஒரு பிரிபேர்டு டிரான்சாக்‌ஷன். அதற்குச் செஷனே கிடையாது, பிஜி_பிரிபேர்டு_எக்ஸாக்ட்ஸ் வியூவில் போய்ப் பார்க்க வேண்டும்.

சங்கிலியின் தலையைக் கண்டதும் வெட்டத் தோன்றும். பொறுங்கள். இந்த நிலையில் முதலில் கை வைக்க வேண்டியது 4388-இன் மேல். ஆல்டரை ரத்து செய்தால் பின்னால் நிற்கும் அத்தனை செலக்ட்டும் அந்த நொடியே நகரும். யாருடைய தரவும் போகாது, ஆல்டரை மாலையில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். 4121-இல் இன்னும் கமிட் ஆகாத மனித வேலை இருக்கிறது. பயனர் பெயரும் ஐபியும் கையில் இருப்பதால் அவரைக் கூப்பிட்டுக் கேட்க நேரம் கிடைக்கும்.

டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைப்பதில் பூட்டைவிட மெதுவாகக் கொல்லும் இன்னொரு கேடு இருக்கிறது. போஸ்ட்கிரஸில் அப்டேட் செய்தால் பழைய வரி அங்கேயே கிடக்கும், வேக்யூம் வந்துதான் கூட்டித் துடைக்கும். ஆனால் எங்கோ ஒரு பழைய டிரான்சாக்‌ஷனுக்கு அந்த வரி இன்னும் தேவைப்படலாம் என்றால் வேக்யூம் அதைத் தொடாது. தொடக்கத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையே (தரவின் அந்நேரப் படத்தையே) கடைசிவரை வைத்திருக்கும் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் திறந்து கிடக்கும் வெறும் செலக்ட்டே இதற்குப் போதும். இயல்பான ரீட் கமிட்டெட் நிலையில், கட்டளை முடிந்ததும் ஸ்னாப்ஷாட் விடுபட்டுவிடும். ஆனால் அந்த டிரான்சாக்‌ஷன் ஏதாவது எழுதியிருந்தால் அதன் எண்ணே எல்லையாக நின்றுவிடும். இதைப் பார்க்க பேக்எண்ட்_எக்ஸ்மின் (ஸ்னாப்ஷாட்டின் எல்லை), பேக்எண்ட்_எக்ஸ்ஐடி (எழுதியதன் எண்) என்ற இரு பத்திகள் அதே வியூவில் இருக்கின்றன. வேக்யூம் ஓடிக்கொண்டேயிருக்கிறது, டேபிளோ வீங்கிக்கொண்டேயிருக்கிறது என்றால் இந்த இரண்டில் மிகப் பழையதைத் தேடுங்கள். நாள்கணக்கில் திறந்து கிடக்கும் ஒரு செஷன், தனக்குச் சம்பந்தமே இல்லாத டேபிள்களையும் வீங்க வைக்கும்.

செஷனை நிறுத்துவதற்கு இரண்டு ஃபங்ஷன்கள். பிஜி_கேன்சல்_பேக்எண்ட், ஓடும் கட்டளையை மட்டும் ரத்து செய்யும், இணைப்பு இருக்கும். பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட், இணைப்பையே அறுத்து டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்யும். எப்போதும் கேன்சலில் தொடங்குங்கள் என்பார்கள். சரிதான், ஆனால் டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்பதிடம் கேன்சல் பலிக்காது. ரத்து செய்ய அங்கே கட்டளையே ஓடவில்லை. ஃபங்ஷன் ‘ட்ரூ’ என்று திருப்பித் தரும், நிலைமை மாறாது. அந்த ‘ட்ரூ’வுக்குச் சிக்னல் அனுப்பினேன் என்று மட்டுமே பொருள். டெர்மினேட்டுக்கும் இதே கதைதான். 14-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு இரண்டாவதாக ஒரு காலத்தை மில்லிசெகண்டில் கொடுக்கலாம். 5000 என்று கொடுத்தால், செஷன் உண்மையிலேயே போய்விட்டதா என்று 5 விநாடிவரை பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்.

பிஐடியை ஒரு தாளில் குறித்துவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கொல்வதும் ஆபத்து. அந்த எண்ணை இயங்குதளம் வேறு செஷனுக்குக் கொடுத்திருக்கலாம். பிஐடியோடு பயனர் பெயரையும் இணைப்பு தொடங்கிய நேரத்தையும் நிபந்தனையாக வைத்து, வியூவிலிருந்தே டெர்மினேட்டை அழைப்பது பாதுகாப்பு.

லினக்ஸ் கட்டளை வரிக்குப் போய், பிராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் -9 போடுவதை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். ஒரு பிராசஸ் அப்படித் திடீரென்று செத்தால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தாய்ப் பிராசஸ் கருதும். மற்ற எல்லாச் செஷன்களையும் அறுத்துவிட்டு, கிராஷ் ரிக்கவரியில் (முடக்கத்திலிருந்து தரவை மீட்கும் வேலையில்) இறங்கும். ஒருவரை நிறுத்தப் போய் எல்லோரையும் வெளியேற்றியதாக முடியும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: செயலியின் கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு), அறுந்ததை உடனே மறுபடி இணைத்துக்கொள்ளும். ஐம்பதைக் கொன்றால் ஐம்பது திரும்ப வரும். பராமரிப்புக்காக ஒரு செயலியை வெளியே நிறுத்த வேண்டுமானால், முதலில் அதன் ரோலை நோலாகின் ஆக்குங்கள், பிறகு இருப்பவற்றை அறுங்கள். நோலாகின் புதிதாக வருபவரை மட்டுமே தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத் தொடாது; அதனால் இரண்டு படியும் வேண்டும்.

ஓடிப்பிடித்துக் கொல்வதைவிட வரம்பை முன்பே போட்டுவைப்பது மேல். ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் 9.6-இல் வந்தது, டிரான்சாக்‌ஷனுக்குள் இவ்வளவு நேரம் சும்மா நின்றால் இணைப்பை அறுத்துவிடும். லாக்_டைம்அவுட், பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு. ஸ்டேட்மென்ட்_டைம்அவுட், ஒரு கட்டளை ஓடும் நேரத்துக்கு. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில் முழு டிரான்சாக்‌ஷனுக்கும் சேர்த்து டிரான்சாக்‌ஷன்_டைம்அவுட் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை.

இவற்றைப் பொது அமைப்புக் கோப்பில் ஒரே எண்ணாக எழுதுவதைவிட ரோல்வாரியாக வைப்பதே எங்கள் பரிந்துரை. இணையச் செயலிக்குக் கட்டளை வரம்பு 30 விநாடி, டிரான்சாக்‌ஷனுக்குள் சும்மா நிற்க 60 விநாடி போதும். அறிக்கை எடுக்கும் ரோலுக்குக் கட்டளை வரம்பை 30 நிமிடமாக்கலாம். கையால் உள்ளே வரும் மனிதர்களுக்குச் சும்மா நிற்கும் வரம்பு 10 நிமிடம். டீ குடித்துவிட்டு வர அது தாராளம். டேபிள் அமைப்பை மாற்றும் ரோலுக்கு லாக்_டைம்அவுட் 2 விநாடி. இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்திருந்தால் மேலே சொன்ன முடக்கம் 2 விநாடியோடு முடிந்திருக்கும்: ஆல்டர் தோற்று விலகும், மாற்றும் ஸ்கிரிப்ட் சிறிது இடைவெளி விட்டு மறுபடி முயலும். கூடவே ஒவ்வொரு ரோலுக்கும் கனெக்‌ஷன் லிமிட் வையுங்கள். அறிக்கைக் கருவிக்கு 5 என்று வைத்தால் அது பைத்தியம் பிடித்து ஓடினாலும் கடையின் இடத்தைப் பறிக்காது. இந்த வரம்பு சூப்பர்யூசரைக் கட்டுப்படுத்தாது என்பதை மறக்க வேண்டாம்.

ரோலில் வைத்த அமைப்பு அடுத்த லாகினிலிருந்துதான் செல்லும். பூலில் பல நாளாகத் திறந்திருக்கும் இணைப்புகள் பழைய மதிப்போடுதான் ஓடும். மாற்றியபின் பூலைப் புதுப்பிக்க வேண்டும். குழு ரோலில் வைத்தால் உறுப்பினருக்கு அது இறங்காது, லாகின் ஆகும் ரோலிலேயே வைக்க வேண்டும். வரம்பு வைத்தும் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இந்த இரண்டையும்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

கிளையன்ட் செத்துப்போய்ச் செஷன் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. மடிக்கணினியை மூடினாலோ விபிஎன் அறுந்தாலோ சர்வருக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. லினக்ஸின் இயல்பு அமைப்பில், எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று டிசிபி (நெட்வொர்க் இணைப்பைக் காக்கும் நெறிமுறை) முதல் முறை தட்டிப் பார்ப்பதே 7200 விநாடி கழித்துத்தான். பிறகு 75 விநாடிக்கு ஒரு முறை 9 தடவை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு பிணம் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடிலை 60, இடைவெளியை 10, எண்ணிக்கையை 5 என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

இடம் போதவில்லை என்றால் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 1000 ஆக்குவது பலருக்குக் கை தன்னால் போகும் இடம். அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 8 செயலி சர்வர், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர், ஒவ்வொரு வொர்க்கரிலும் 10 இணைப்புப் பூல்: 320 செஷன். சர்வரில் இருப்பதோ 16 கோர். ஒரே நேரத்தில் 320 பேரும் கேட்டால் எல்லோருமே மெதுவாவார்கள். அதோடு வொர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. அது செஷனுக்கு ஒன்றல்ல, ஒரு க்வெரியின் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனியாக எடுக்கப்படும். நடுவில் பிஜிபவுன்சர் என்ற இணைப்புப் பகிர்வு மென்பொருளை வைத்து, டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குத் தரும் வகையில்) 30 அல்லது 40 உண்மையான இணைப்புகளோடு ஓட்டுவது பெரும்பாலும் இதைவிட வேகமாக இருக்கும்.

அந்த முறைக்கு விலை உண்டு. அடுத்தடுத்த டிரான்சாக்‌ஷன்கள் வெவ்வேறு செஷனில் போய் விழும், அதனால் செஷனோடு ஒட்டியிருக்கும் எதையும் நம்ப முடியாது: செட் கட்டளையால் வைத்த அமைப்புகள், தற்காலிக டேபிள்கள், அறிவிப்புகளுக்குக் காத்திருக்கும் லிசன், செயலி தன் தேவைக்காகப் போடும் செஷன் அளவிலான அட்வைசரி பூட்டு. கண்காணிப்பும் மங்கும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் எல்லோருக்கும் பிஜிபவுன்சர் இருக்கும் ஐபியே தெரியும். அப்ளிகேஷன்_நேம்_ஆட்_ஹோஸ்ட் அமைப்பை இயக்கினால் உண்மையான முகவரி செயலிப் பெயரோடு சேர்ந்து வரும். காத்திருப்போர் யார் என்பதும் இப்போது தரவுத்தளத்தில் தெரியாது. பிஜிபவுன்சரின் நிர்வாகத் திரையில் ‘ஷோ பூல்ஸ்’ போட்டு, சிஎல்_வெயிட்டிங் எத்தனை, மேக்ஸ்வெயிட் எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். தரவுத்தளம் அமைதியாக இருக்க, இங்கே வரிசை நீளும் நாள்களும் வரும்.

மற்றத் தரவுத்தளங்களுக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இயல்பு இணைப்பு வரம்பு 151, சும்மா இருக்கும் இணைப்பு அறுபடும் காலம் 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அங்கும் ஆரக்கிளிலும் பெரிய அப்டேட்டைப் பாதியில் கொன்றால், செய்ததை எல்லாம் திருப்பி எழுதும்வரை செஷன் ‘கில்டு’ என்ற நிலையில் நெடுநேரம் கிடக்கும். போஸ்ட்கிரஸில் ரோல்பேக் உடனே முடிந்துவிடும். பழைய வரிகள் அப்படியே இருப்பதால் திருப்பி எழுத எதுவுமில்லை. ஆனால் பாதியில் எழுதியவை குப்பையாக டேபிளில் கிடக்கும். ஆகவே பெரிய அப்டேட் ஒன்றைக் கொன்றபின், அந்த டேபிளுக்கு வேக்யூம் ஒரு முறை கையால் ஓட்டிவிடுங்கள்.

கண்காணிக்கும் கருவிக்குச் சூப்பர்யூசர் கணக்கைக் கொடுக்க வேண்டியதில்லை. 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் பிஜி_மானிட்டர் ரோலைக் கொடுத்தால் மற்றவர்களின் க்வெரியையும் அது பார்க்கும். இல்லாவிட்டால் அந்தப் பத்தியில் அனுமதி இல்லை என்ற வாசகம்தான் வரும். நள்ளிரவில் அழைப்பு எடுப்பவருக்கு பிஜி_சிக்னல்_பேக்எண்ட் ரோலைக் கொடுங்கள், சூப்பர்யூசரைத் தவிர மற்றவர் செஷன்களை அவரால் நிறுத்த முடியும். அவருடைய திரையில் மூன்று எண்கள் எப்போதும் இருக்கட்டும்: மிகப் பழைய திறந்த டிரான்சாக்‌ஷனின் வயது, பூட்டுக்காகக் காத்திருப்போர் எண்ணிக்கை, மொத்த இணைப்பில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது. எச்சரிக்கை மணி முதல் எண்ணில் 5 நிமிடத்துக்கு அடிக்கட்டும். அன்று 10:32-க்குத் திறந்த டிரான்சாக்‌ஷனுக்கு மணி 10:37-க்கு அடித்திருக்கும். ஆல்டர் வருவதற்கு இன்னும் 21 நிமிடம் இருந்தது.